சங்கத்து அண்டாவில் பனி

1962-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்ததும் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்ப் பூண்டு, முருங்கைக்காய், என் மனைவி சொல்லியனுப்பிய பால்சுறா எல்லாம் வாங்கி வந்தேன். பேனாவுக்கு மை நிரப்பினேன். அடுத்த வாரத்து அலுவலகச் சட்டைகளுக்குப் பித்தான் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு சந்து முனையில் சர்பத் கடை வைத்திருக்கும் நானாவிடம் ஏணியை இரவல் வாங்கி வந்து அடுப்படிச் சுவரில் சாத்தி வைத்தேன்.

ஏணி அன்றைக்குத் தேவையில்லை. மறுநாளைக்குத்தான். எங்கள் வீட்டில் அடுப்படிக்கு மட்டும் தகரக் கூரை. அதன் விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடி விழ ஒரு தகரக் கால்வாய் அடித்திருந்தது. பக்கத்து வீட்டு மாமரம் காய்களைத் தன் சொந்தக்காரருக்கும் இலைகளை எங்கள் கால்வாய்க்கும் கொடுத்து வந்தது. மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை, அலுவலகம் போவதற்கு முன், அந்த இலைகளை வாரிக் கொட்டுவது என் வழக்கம். முதல் நாளே ஏணி வந்து நின்றால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

“ஏங்க, ஏணிதான் வந்திடுச்சே. இப்பவே ஏறிச் சுத்தம் பண்ணிட்டா என்ன? வானம் கறுத்துக் கிடக்கு” என்றாள் என் மனைவி.

“நாளைக்குத்தானே திங்கட்கிழமை?”

“மழைக்குத் தெரியுமா நாளைக்குத் திங்கட்கிழமைன்னு?”

நான் ஏணியை இன்னும் கொஞ்சம் நேராகச் சாத்தி வைத்தேன். ஒழுங்கு என்பது வானத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளும் விஷயமல்ல என்பது அந்தக் காலத்தில் என் கொள்கை.

அவளுக்கும் எனக்கும் இந்த ஒழுங்கு விஷயத்தில் ஏற்கெனவே ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. எங்கள் அடுப்படிச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. ஹை ஸ்திரீட்டில் ஒரு கடிகாரக் கடைக்காரர் கொடுத்தது. 1955-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். படத்தில் மரத்தாலான ஒரு வீடு, கூரை மேல் முழங்கால் அளவு பனி, தோட்டத்தில் பனி, வேலியில் பனி, புகைபோக்கியிலிருந்து ஒரு கோடாகப் புகை. அந்தப் பிப்ரவரி முடிந்தபோது நான் தாளைக் கிழிக்கப் போனேன், அவள் விடவில்லை. வருஷம் முடிந்தபோது காலண்டரையே கழற்றப் போனேன், அதற்கும் விடவில்லை. ஊரே தன்னாட்சி, தேர்தல் என்று எங்கெங்கோ போய்விட்டது; எங்கள் அடுப்படி மட்டும் பிப்ரவரியைத் தாண்டவில்லை.

“தப்பான மாசம் சுவத்துல தொங்கினா எனக்கு என்னமோ பண்ணுது” என்பேன்.

“அது தேதி பாக்குற காலண்டர் இல்லைங்க. சும்மா பாக்குற காலண்டர்” என்பாள்.

அடுப்புச் சூட்டில் நின்று தோசை வார்த்துக்கொண்டே அதைப் பார்ப்பாள். டிசம்பர் மாதம் ராபிள்ஸ் பிளேஸுக்குக் கூட்டிப் போனால், பெரிய கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் பஞ்சைத் தூவி வைத்திருக்கும் அலங்காரத்தின் முன் நின்றுவிடுவாள். வெயிலில் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். “அது பஞ்சும்மா” என்று சொன்னால், “தெரியும். வேட்டி கட்டுற ஊர்க்காரிக்குப் பஞ்சு தெரியாதா? நிஜத்துல தொட்டா எப்படி இருக்கும்னு பாக்கறேன்” என்பாள். அவள் என்னிடம் நகை கேட்டதில்லை. வானத்திலிருந்து விழுந்த ஏதாவது ஒரு வெள்ளைப் பொருளை ஒரு தரம் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஊரில் அதைவிட நகை மலிவு.

அன்று மதியம் சாப்பிட்டு முடித்ததும், தூக்குச்சட்டியில் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் எடுத்துக்கொண்டு, புக்கிட் தீமா சாலையில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அவள் தங்கைக்கு இரண்டு நாள் முன்புதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. அவள் போன பிறகு நான் பழைய பத்திரிகைகளைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

முதலில் அடுப்படிக் கூரையில் கல் விழுகிற சத்தம். மாங்காய்க்குக் கல்லெறிகிறார்கள் என்று நினைத்து, திட்டுவதற்கான சொற்களை வரிசைப்படுத்திக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். எறிந்தவன் மேலே இருந்தான்.

எங்களுடையது சந்தின் மூலை வீடு. அதனால் பக்கவாட்டில் கொஞ்சம் வெற்றிடம் உண்டு. ஒரு வாழை, ஒரு கறிவேப்பிலை, தொட்டிகளில் மல்லிகை. என் மனைவி அதைத் தோட்டம் என்று சொல்வாள். வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தும்போது அவரும் தோட்டம் என்று சொல்வார். அந்தத் தோட்டம் முழுவதும் கற்கண்டை வாரி இறைத்ததுபோல் வெள்ளைக் கட்டிகள் விழுந்து துள்ளின. வாழையிலை கண்ணெதிரே நார் நாராகக் கிழிந்தது. மல்லிகைத் தொட்டிகளில் மண் தெரியவில்லை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. என்ன சொன்னேன் என்பதும் நினைவில்லை. ஒழுங்கான வாக்கியமாக இருந்திருக்காது.

சந்தே வெளியே வந்துவிட்டது. தலையில் முறம் கவிழ்த்தவர்கள், பாய் பிடித்தவர்கள், குடையைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டிகளைச் சேகரித்தவர்கள். நானா மட்டும் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“என்ன நானா, பாத்தீங்களா!” என்று கத்தினேன்.

“பாக்காம? ஆண்டவனே ஐஸ் கடை போட்டுட்டான். அதுவும் ஓசில. இனி என்கிட்ட எவன் வருவான் லா?” என்றார். சொல்லிவிட்டு அவரும் கையை நீட்டி ஒன்றைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

நானும் ஒன்றைப் போட்டேன். ருசி என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்னொன்று போட்டேன். அதற்குப் பிறகுதான் மனைவியின் நினைவு வந்தது. இத்தனை வருஷம் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், விழுகிற நேரம் பார்த்துச் சுறாப்புட்டோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறாள். எப்படியாவது சேர்த்து வைக்க வேண்டும். சுற்றிப் பார்த்தேன். பின்கதவருகே கழுவிக் கவிழ்த்திருந்த பெரிய பித்தளை அண்டா கண்ணில் பட்டது. அதை நிமிர்த்தி நடுத் தோட்டத்துக்கு உருட்டிக் கொண்டுபோய், முறத்தால் வாரி வாரிப் போட்டேன். சந்துப் பிள்ளைகளும் கைநிறையக் கொண்டுவந்து கொட்டினார்கள். விழுவது நின்றபோது அண்டாவில் கால்வாசி நிறைந்திருந்தது.

நான் செய்த தவறு அந்த அண்டாதான். அது எங்கள் வீட்டு அண்டா அல்ல.

எங்கள் வட்டாரத்தில் ஒரு தமிழர் சங்கம் இருந்தது. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர் எல்லாரும் உண்டு, கட்டடம்தான் கிடையாது. ஆகவே நாற்காலிகள் செயலாளர் வீட்டிலும் ஒலிபெருக்கி ஒரு மளிகைக் கடையிலும் பொங்கல் அண்டா பொருளாளர் வீட்டிலும் இருந்தன. பொருளாளர் நான். அண்டாவின் கழுத்தைச் சுற்றிச் சங்கத்தின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. நம் வழக்கப்படி, பாத்திரத்தில் பெயர் வெட்டிவிட்டால் அதற்கு மேல் பத்திரம் தேவையில்லை.

வானம் வெளுத்து வெயில் வந்த கையோடு செயலாளரும் வந்தார். பக்கத்து வரிசையில் குடியிருந்தவர், துறைமுகத்தில் குமாஸ்தா. எந்த விஷயத்தையும் வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை என்று மூன்றாகப் பிரித்துத்தான் அவரால் பார்க்க முடியும். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

“அண்ணே, இது வரலாறு.”

“ஆலங்கட்டி” என்றேன்.

“அதை நீங்களும் நானும் முடிவு பண்ண முடியாது. பனியை நேர்ல பாத்தவரு நம்ம சங்கத்துல ஒருத்தர்தான். தலைவர் வந்து பாத்துட்டுச் சொல்லட்டும்.”

தலைவர் ஜவுளிக் கடைக்காரர். வியாபார விஷயமாக ஒரு தரம் லண்டன் போய் வந்தவர். அந்தப் பயணத்தில் கிடைத்த துணி என்றைக்கோ விற்றுத் தீர்ந்துவிட்டது. பனி மட்டும் தீரவில்லை. பொங்கல் விழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, யாராவது செத்துப்போனால் இரங்கல் கூட்டம், எங்கே பேசினாலும், “லண்டன் மாநகரிலே பனி கொட்டுகிற ஒரு காலைப் பொழுதிலே” என்று ஓர் இடத்தில் வந்துவிடும். நாங்களும் ஒவ்வொரு தரமும் குளிரில் நடுங்குவதுபோல் தலையாட்டுவோம்.

“தலைவர் எங்கே?” என்றேன்.

“ஜொகூர்ல கல்யாணம். பிள்ளைங்க வந்து சொன்னதுமே போன் போட்டாச்சு. கிளம்பிட்டாராம். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது.”

“தம்பி, இது என் வீட்டுக்காரி பாக்கணும்னு சேத்தது. ஒரு கிண்ணம் எடுத்து வச்சுக்கறேன்.”

“அக்கா தாராளமா பாக்கட்டும் அண்ணே. தலைவர் பாத்த பிறகு.”

“என் தோட்டத்துல விழுந்தது, தம்பி.”

செயலாளர் அண்டாவை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பெயர் வெட்டிய இடத்தில் நின்று, அதை விரலால் தடவினார்.

“அண்டா யாருது?”

“சங்கத்துது.”

“அண்டா சங்கத்துதுன்னா உள்ளே இருக்கிறது யாருது? பொங்கல் அன்னைக்கு, அண்டா எங்க வீட்டுல இருந்து வந்ததுன்னு பொங்கலையும் வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுவீங்களா?”

முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு. சங்கப் பாத்திரத்தைச் சொந்த உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தவனே நான்தான். செயலாளர் தன் வீட்டு வளைகாப்புக்கு அண்டாவைக் கேட்டபோதுதான் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தேன். ஏகமனதாக நிறைவேறியது, அவரும் கை தூக்கினார். தூக்கிய கையை இத்தனை நாளும் இறக்காமலே வைத்திருந்திருக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது.

ஏற்பாடுகள் ஆரம்பமாயின. நானா கடையில் ஐஸ் கட்டிகளை மூடி வைக்கும் மரத்தூள் வந்தது. மேலே ஒரு கோணிச்சாக்கு. சாக்கு பார்வையாக இல்லையென்று அதன் மேல் ஒரு சரிகைத் துண்டு. சிராங்கூன் சாலைப் பூக்கடையிலிருந்து இரண்டு மாலை, ஒன்று தலைவருக்கு, ஒன்று அண்டாவுக்கு. அண்டாவுக்கு இருபுறமும் குத்துவிளக்கு ஏற்றினார்கள். வெயில் நேராக அண்டாவின் மேல் விழுந்தது.

“நிழல்ல நகத்தி வைங்க தம்பி. பித்தளை சுடுது” என்றார் நானா.

“தலைவர் வந்து பாக்கறதை மூலையில வைக்கச் சொல்றீங்களா நானா? சபைன்னா ஒரு மரியாதை இருக்கில்ல?”

“மரியாதைக்கு உருகாதுன்னா சரிதான்” என்று சொல்லிவிட்டு நானா கடைக்குப் போனார்.

நாற்காலிகள் வந்து வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கும்போது என் மனைவி தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியிலும் கூரையில் சத்தம் கேட்டதாம். ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று நர்ஸ் நின்றுகொண்டாளாம். வெளியே வந்தபோது தார் ரோட்டில் ஈரம் மட்டும்தான் இருந்திருக்கிறது. சந்துக்குள் நுழைந்ததும் பிள்ளைகள், “அத்தை, உங்க வீட்டுல பனி பெஞ்சுச்சு! அண்டா நிறைய இருக்கு!” என்று கத்தியிருக்கிறார்கள்.

“எங்கேங்க?” என்றாள் என்னிடம்.

நான் அண்டாவைக் காட்டினேன். அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராகப் போய்ச் சரிகைத் துண்டைப் பிடித்தாள். செயலாளர் குறுக்கே வந்துவிட்டார்.

“அக்கா, அக்கா, கொஞ்சம் பொறுங்க. தலைவர் இந்நேரம் பாலம் கடந்து உட்லண்ட்ஸ் தாண்டியிருப்பாரு.”

“தாண்டட்டும் தம்பி. நான் கையை விட்டுத் தொட்டுட்டு எடுத்துடறேன்.”

“தெறந்தா காத்துப் பட்டு உருகிடும் அக்கா.”

“நான் வரும்போதுதானே தொறந்து துணைத் தலைவருக்குக் காட்டினீங்க?”

“அது நிர்வாகக் குழு.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் திறமை போதாது. பொருளாளர் பதவியை அன்றைக்கே ராஜினாமா செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஆனால் ராஜினாமாவுக்கு ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்ற விதியும் நான் எழுதியதுதான்.

“தலைவர் வந்துடுவாரும்மா” என்றேன்.

“அவருக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற பொருளாங்க அது?” என்றாள். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். மல்லிகைத் தொட்டிகளில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். ஒன்றும் இல்லை. ஈர மண்தான்.

தலைவர் வருவதற்குள் செயலாளர் பலமுறை சாக்கைத் தூக்கிப் பார்த்து, உருகவில்லை என்று உறுதி செய்துகொண்டார். புகைப்படக்காரர் வந்தபோது அவருக்குக் காட்ட ஒரு தரம். சங்கத்தில் சந்தா செலுத்தாத ஒருவர் எட்டிப் பார்க்க முயன்றபோது, அவரைத் தடுத்துவிட்டு, தடுத்தது சரிதானா என்று பார்க்க ஒரு தரம்.

கார் சந்துக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றது. தலைவர் கல்யாண மாலையின் இதழ்கள் ஜிப்பாவில் ஒட்டியிருக்க, வெற்றிலை மென்றுகொண்டு நடந்து வந்தார். பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், மாலை போட்டார்கள். அவர் அண்டாவுக்கு மாலை போட்டார். புகைப்படக்காரர் இரண்டாவது முறை போடச் சொன்னார், போட்டார். ஆனால் சாக்கை எடுக்கவில்லை. நிகழ்ச்சி நிரல்படி முதலில் வரவேற்புரை.

செயலாளர் வரவேற்றார். தலைவரை வரவேற்றார், நிர்வாகக் குழுவை வரவேற்றார், தாய்மார்களை வரவேற்றார், கடைசியாக, “விண்ணிலிருந்து வருகை தந்திருக்கும் பனியே, வருக, வருக” என்று அண்டாவையும் வரவேற்றார். கைதட்டல். பிறகு தலைவர் எழுந்தார்.

“லண்டன் மாநகரிலே” என்று ஆரம்பித்தார்.

நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். நன்றியுரை நான்தான் சொல்ல வேண்டும் என்பதால் நகர முடியவில்லை. என் மனைவிக்கு நாற்காலி கிடைக்கவில்லை; கிடைத்திருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டாள். பின்கதவுப் பக்கம், அடுப்படிக் கூரைக்குக் கீழே, சுவரில் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். திடீரென்று அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு பிடரியைத் துடைப்பதைப் பார்த்தேன். துடைத்த கையைப் பார்த்தாள். நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, ‘இங்கே வாங்க’ என்று விரலை மடக்கினாள்.

தலைவர் தேம்ஸ் நதியை அடைந்துவிட்டிருந்தார். அவருக்கு இன்னும் நேரம் பிடிக்கும் என்று தெரியும். நழுவிப் போனேன்.

“மழை நின்னு எவ்வளவு நேரமாச்சு?” என்றாள் மெல்லிய குரலில்.

“ரொம்ப நேரமாச்சு.”

“அப்புறம் ஏன் இன்னும் சொட்டுது? கையை நீட்டுங்க.”

நீட்டினேன். தகரக் கால்வாயின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு என் உள்ளங்கையில் விழுந்தது. அந்தக் குளிர்ச்சி மழைத்தண்ணீருக்குக் கிடையாது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஏணியைப் பார்த்தோம்.

நான் ஏறப் போனேன். “நீங்க பிடிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளே ஏறினாள். நான் ஏணியின் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டேன். மேலிருந்து முதலில் ஒரு கை நிறைய ஈர மாவிலை என் தலையில் விழுந்தது. பிறகு சத்தமே இல்லை.

“என்னம்மா?”

“வெளக்கெண்ணெய் மாதிரி நின்னுக்கிட்டு என்னன்னு கேக்காதீங்க” என்றாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. “கால்வாய் நிறைய இருக்குங்க.”

அடுப்படிக் கூரை முழுவதும் விழுந்த கட்டிகள் சரிவில் உருண்டு அந்தக் கால்வாய்க்கே வந்து சேர்ந்திருக்கின்றன. சுத்தமான கால்வாயாக இருந்திருந்தால் தண்ணீரோடு தண்ணீராகப் போயிருக்கும். நான் மறுநாளைக்கென்று ஒழுங்காக விட்டுவைத்திருந்த மாவிலைகள் வாயை அடைத்துக்கொண்டு, கீழேயும் மேலேயும் மெத்தை போட்டு, மாமர நிழலில் அவற்றைப் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்தன. ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளை வெளேரென்று, ஒரு முழ நீளத்துக்குப் பாளமாக. இதெல்லாம் பிறகு நானும் ஏறிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது அவள் பாதங்கள் மட்டும்தான். ஏணிப் படியில் குதிகால் உயர்ந்து உயர்ந்து இறங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் தலைவரின் குரல் கேட்டது. “பனி என்பது என்ன தெரியுமா, தாய்மார்களே?”

“சொல்லட்டும், சொல்லட்டும்” என்றாள் மேலே இருந்தவள், வாயில் எதையோ வைத்துக்கொண்டு.

“எப்படி இருக்கு?” என்றேன்.

“சுடுது.”

“சுடுதா?”

“ரொம்ப நேரம் பிடிச்சா சுடுது. காலண்டர்ல அது தெரியல பாருங்க.” சொல்லிக்கொண்டே எதையோ கைக்குள் வைத்து அழுத்தி உருட்டுவது தெரிந்தது. “ஏங்க, மேலே பாருங்க.”

பார்த்தேன். உருண்டை என் மூக்கில் விழுந்து உடைந்தது. பாதி சட்டைக் காலருக்குள் போய்விட்டது. நான் போட்ட சத்தம் நல்லவேளையாக மறுபக்கத்துக் கைதட்டலில் அமுங்கியது. எத்தனையோ வருஷத்துக் கல்யாண வாழ்க்கையில் அவள் என் மேல் எதையும் எறிந்ததில்லை. நல்ல குறி.

அப்போது நானா சந்து வழியாகப் பின்பக்கம் வந்தார். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“சாக்கை எடுத்தாச்சு. உள்ளே தண்ணிதான், மேலே மரத்தூள் மிதக்குது. முன் வரிசையில ஒருத்தர் ஒரு கட்டியைப் பாத்தேன்கிறார். பின் வரிசை எட்டிப் பாக்கறதுக்குள்ள அதுவும் போயிடுச்சு.”

“தலைவர் என்ன சொன்னார்?”

“அவரா அசருவாரு? ‘உருகுவதே பனியின் குணம், இது அசல் லண்டன் பனிதான்’னுட்டாரு. இப்ப உத்தரணியால எடுத்து எல்லாருக்கும் தீர்த்தம் குடுத்துக்கிட்டு இருக்காரு. வரிசையில நின்னு வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிறாங்க. மரத்தூள் தொண்டையில சிக்கி ரெண்டு பேர் இருமறாங்க.” அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தார். “அட! தங்கச்சி மேல என்ன பண்ணுது?”

“உங்க கடைக்குப் போட்டிக் கடை நானா” என்றாள் அவள். கையை நீட்டி ஒரு பாளத்தைக் கொடுத்தாள். நானா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கடைக்கு ஓடி, ரோஜா சர்பத் பாட்டிலோடு திரும்பி வந்தார்.

நாங்கள் மூவரும் சிவந்த வாயோடு இருக்கும்போதுதான் செயலாளர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

“அண்ணே, நன்றியுரை! தலைவர் காத்துக்கிட்டு…” ஏணியைப் பார்த்தார். ஏணியின் மேலே பார்த்தார். “அக்கா, கையில என்ன? பனியா?”

“தலைவர் பாத்துச் சொன்னாத்தானே தெரியும்?” என்றாள்.

“அக்கா, எறங்குங்க. அதை அப்படியே ஒரு தாம்பாளத்துல வச்சு மேடைக்குக் கொண்டுபோயிடலாம். கூட்டம் இன்னும் கலையல. சங்கத்து மானம் போயிடும் அக்கா.”

அவள் அவசரப்படாமல் கால்வாயின் விளிம்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலால் தடவினாள்.

“தம்பி, இந்தத் தகரத்துல எங்கே சங்கத்துப் பேரு வெட்டியிருக்கு, காட்டுங்க. தாம்பாளத்துல வச்சுத் தரேன்.”

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் நானாவைப் பார்த்தேன். நானா சர்பத் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில் யாரோ இருமினார்கள்.

அவருக்கு ஏதாவது சட்டம் கிடைத்திருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பார். கிடைக்கவில்லை. குரலை இறக்கி, “அக்கா, எனக்கு ஒண்ணு?” என்றார்.

“நிர்வாகக் குழுவுக்கு இல்லை. என் தம்பிக்குன்னா உண்டு.”

“தம்பிதான் அக்கா.”

“கையை நீட்டுங்க.”

அவர் பழக்கத்தில் இடது கைமேல் வலது கையைக் குவித்து, குனிந்து நீட்டினார். அவள் ஒரு கட்டியை அதில் வைத்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவர், சுதாரித்து வாயில் போட்டுக்கொண்டார். அண்டாவைக் காவல் காத்த அவரும் அதுவரை ஒன்றையும் வாயில் போட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு அது கரையும்வரை அங்கேயே நின்றார். அந்தக் கூட்டம் நன்றியுரை இல்லாமல் கலைந்தது. சங்கத்தின் சரித்திரத்தில் அப்படி ஒன்று அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை.

கடைசிக் கட்டி கரையும்வரை அவள் ஏணியிலிருந்து இறங்கவில்லை. இறங்கியபோது விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவற்றை என் கன்னத்தில் வைத்துக் காட்டினாள். அதன் பிறகு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தோம். சாயங்காலம் அடுப்பு மூட்டும்போது காலண்டரைப் பார்த்து, “பாவம், அந்த வீட்டுக்காரி இதை எல்லாம் எப்படி வாரிக் கொட்டுவாளோ” என்றாள். அனுபவசாலிகள் பேசும் தோரணை வந்துவிட்டது. ஒரு நாளில் இப்படி என்றால், தலைவரைக் குறை சொல்வதற்கில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் எழுந்ததும், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதற்கு முன்பே, ஏணியில் ஏறிப் பார்த்தேன். இலைகள் மட்டும் இருந்தன. அவள் ஒதுக்கியவை போக மிச்சம். கீழே அவள் காப்பித் தம்ளரோடு வந்து நின்று, என்னை அண்ணாந்து பார்த்தாள். நான் இலைகளைத் தொடாமல் இறங்கி, ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போய், நானா கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.